குஞ்சு விழுந்த நாளில் அலக்கு இல்லை

துணி துவைக்கும் எங்கள் அலக்குக் களத்தின் நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. மலையாளிகள் அதை மழைமரம் என்கிறார்கள். அப்பா அதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

மழைக்காலம் தொடங்கியதும் நீர்க்காகங்களும் கொக்குகளும் அதில் வந்து கூடு கட்டும். விடிந்ததும் இடக்கொச்சிக் காயலுக்குப் பறந்துபோய் வயிறு நிறைய மீன் தின்றுவிட்டு, ஜீரணமாகும் நேரத்துக்குச் சரியாக எங்கள் தலைக்கு மேல் திரும்பிவிடும். கீழே கொடிகளில், யூதத் தெருவான ஜூ டவுன் பக்கத்து ஓட்டல்களிலிருந்து வந்த வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருக்கும். மட்டாஞ்சேரி முழுக்கத் தேடினாலும் அந்தப் பறவைகளுக்கு அவ்வளவு வெள்ளை வேறெங்கும் கிடைக்காது.

துணி துவைப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட ஆட்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் நாங்கள். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், ஓட்டலில் சிரிப்பு. பள்ளிக்கூடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கடந்தவன் எங்கள் குடும்பத்தில் நான்தான். படித்தது மலையாளத்தில். தமிழ் எழுதப் பழகியது பிறகு, இஸ்திரி போட்ட துணியைச் சுற்றிக் கொடுக்க வாங்கும் பழைய பேப்பரைப் பார்த்து.

எங்கள் கொடிகளில் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் ஓரத்தைச் செருகிவிட்டால் காயல் காற்றே வந்து இழுத்தாலும் வராது. மரத்தடியில் மட்டும் இன்னொரு ஏற்பாடு உண்டு. கிழிந்த பழைய விரிப்புகளை ஒன்றோடொன்று தைத்து, கொடிகளுக்கு மேலே பந்தல் மாதிரி இழுத்துக் கட்டிவிடுவார்கள். மேல்துணி என்று பெயர். மேலிருந்து வருவதை மேல்துணி வாங்கிக்கொள்ளும், ஓட்டல்காரர்களின் விரிப்பு தப்பிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

அவ்வப்போது கூட்டிலிருந்து ஒரு குஞ்சும் விழும். மேல்துணியில் விழுந்து ஒரு முறை எகிறி, என்ன நடந்தது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு கிடக்கும். கொடியைத் தூக்கி நிறுத்தும் கவைக்கழியின் நுனியில் பழந்துணி சுற்றி, அதில் குஞ்சை ஏந்தி, அப்பா தாழ்ந்த கிளை ஒன்றில் ஏற்றிவிடுவார். ஏன் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"செத்தா நாறும்டா" என்றார்.

இந்த மேல்துணிதான் என் வேலைக்கு வந்து சேர்ந்தது. சுற்றுச்சூழல் படித்து முடித்த எனக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்கையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் ஒரு அமைப்பில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. வைட்டிலா பக்கம் ஆபீஸ். மரபின் வழியாக இயற்கையைப் பாதுகாப்பது, அதைப் பாடமாக்குவது என்பது எங்கள் மேடத்தின் திட்டம். ஒவ்வொரு ஊழியரும் தன் பகுதியிலிருந்து ஒரு மரபைக் கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும். ஒருவர் பாம்புக்காவு கொண்டுவந்தார், இன்னொருவர் கோயில்குளத்து ஆமைகள். நான் வாரக்கணக்கில் வெறுங்கையோடு போய்வந்தேன். எங்களிடம் இருந்த மரபெல்லாம் சவக்காரமும் நீலமும் கஞ்சிப்பசையும்தான்.

கடைசியில் மேடமே களத்துக்கு வந்துவிட்டார். அவர் நல்ல நேரமோ என் கெட்ட நேரமோ, மேல்துணியில் அன்று ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் மேடத்தின் கண் கலங்கியது.

"இது எத்தனை காலமா செய்யறீங்க?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"மரம் இருக்கற காலத்துலேர்ந்து மேடம். ஆனா இது எச்சத்துக்காகக் கட்டறது. குஞ்சுக்காக இல்ல."

"அது அவங்க வெளிய சொல்ற காரணம். உள்ள வேற காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தானே உன்னைப் படிக்க வெச்சிருக்காங்க?"

உள்ளே வேறு காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு வாரம் தேடினேன். பிறகு சுவரொட்டிக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'பறவை எச்சத்திலிருந்து விரிப்புகளைக் காக்க அலக்குக்காரர்கள் துணி கட்டுகிறார்கள். அதில் விழும் குஞ்சுகளும் உயிர் பிழைக்கின்றன.' மேடம் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு, இரண்டாவதில் இருந்த 'அதில்' என்பதை 'அலக்குக்காரர்கள் கட்டும் துணியில்' என்று மாற்றினார். மிச்சமிருந்ததில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் என்னை வருத்தியது.

இதற்கிடையில் மரத்தை வெட்டச் சொல்லி ஒரு புகார் போயிருந்தது. களத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் சேட்டன் எழுதியது. எச்சம், நாற்றம், விருந்தினரின் கார் என்று நீண்டுபோகும் அந்தப் புகாரில் எங்கள் ஆட்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து அப்பாவுடையது. அவருக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான் என்பதால் ரொம்ப நிதானமாக, அழகாகப் போட்டிருந்தார். ஆக, மரத்தைக் காப்பாற்றுவது என் வேலை, அதை வெட்டவைப்பது அப்பாவின் விருப்பம் என்று ஒரே வீட்டுக்குள் நிலைமை வந்து நின்றது.

"உனக்குச் சம்பளம் குடுக்கறது யாருடா, அந்த நீர்க்காக்காயா?" என்றார் சாப்பிடும்போது.

"ஒரு வகையில ஆமாப்பா."

"அப்ப அதுங்களையே வந்து விரிப்ப அலசச் சொல்லு."

அம்மா மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அவரு பறவையத் திட்டாம ஒரு வாய் சோறு எறக்க மாட்டாரு. நீ பறவையப் புகழாம ஒரு வாய் எறக்க மாட்டே. எனக்கு ஒரு நாளாவது மனுசங்களப் பத்திப் பேசிச் சாப்பிடணும்."

மரங்களைப் பற்றி முடிவு சொல்லும் அதிகாரி களத்துக்கே வந்து விசாரித்தார். மேடம் எதிர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை டீச்சரோடு அழைத்து வந்திருந்தார். எங்கள் ஆட்கள் துவைகல்லுக்குப் பக்கத்தில் ஈரக்கையோடு நின்றார்கள். ஹோம்ஸ்டே சேட்டன் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வந்து, அதிகாரியிடம் மிக மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்.

"சாரே, இந்த மரம் போனா எல்லார்க்கும் நல்லது. இவரோட கொடியெல்லாம் அங்கோட்டு, அந்த மூலைக்கு மாத்தலாம். அப்ப இவிட நல்லொரு பார்க்கிங் கிட்டும்."

அப்பா தலையைத் தூக்கினார். கொடியை மாற்றுவது பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எங்க கொடி அந்த மூலைல எப்படி சேட்டா காயும்? அங்க வெயிலே விழாதே" என்றார்.

சேட்டன் சிரித்துக்கொண்டே அதிகாரி பக்கம் திரும்பினார். "மத்தவங்க அழுக்க அலசறவங்கதானே சாரே. எங்க நின்னு அலசினா எந்தா?"

அப்பா கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

அதிகாரி புகாரைப் புரட்டி அப்பாவின் கையெழுத்தைக் காட்டினார். "சேட்டனும் ஒப்பிட்டிருக்கீங்களே. வெட்டலாம்னுதானே?"

"ஒப்பிட்டது காஞ்ச கொம்ப வெட்ட சாரே. மரத்த வெட்ட நாங்க எப்படிச் சொல்லுவோம்? எங்க ஆளுங்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு."

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இந்த மேல்துணி இருக்கே, இது குஞ்சுக்குத் தொட்டில். மழைக்கு முன்னால வீட்டுக்கு வீடு துணி குடுப்போம். மேலேர்ந்து ஒரு குஞ்சு வந்தா அது எங்களுக்கு விருந்தாளி." அப்பா ஒரு நிமிடம் நிறுத்தினார். போதும் என்று நினைத்தேன். பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்பதைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. "குஞ்சு விழுந்த நாளில் அலக்கு இல்ல, சாரே. அன்னைக்கு நாங்க கல்லத் தொடவே மாட்டோம்."

எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நல்லவேளையாக, அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, சமாளித்துக்கொண்டார். "ஆமா, தொடவே மாட்டோம்" என்றார். அந்தச் சம்பிரதாயத்தை அவரும் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறார்.

ஹோம்ஸ்டே சேட்டன் "இதென்னடா கதை" என்று முனகினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அதிகாரி யோசித்துவிட்டு, கூடுகள் இருக்கும்வரை மரத்தை யாரும் தொட வேண்டாம் என்றும், மழை முடிந்து திரும்ப வருவதாகவும், இவர்கள் சொன்னபடி குஞ்சுகளைக் காப்பாற்றினால் மரம் நிற்கும், இல்லையென்றால் வெட்டு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எதிர்ப் பள்ளிக்கூடத்தின் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் மேல்துணி முழுவதும் தெரியும் என்பதை அப்பா மறந்திருந்தார்.

சில நாளில் முதல் குஞ்சு விழுந்தது. "வீணு! வீணு!" என்று ஜன்னலிலிருந்து ஒரே கூச்சல். விழுந்துவிட்டது, விழுந்துவிட்டது என்று. தொட்டியில் ஓட்டல் விரிப்புகள் ஊறிக்கொண்டிருந்தன. அப்பா தூக்கிய துணியைத் தூக்கியபடி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் முழுக்க முகங்கள். துணியை மெதுவாகத் தொட்டிக்குள் இறக்கினார். ஓட்டலுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு எங்களுக்கு ஒரு விசேஷம் சாரே. இல்ல, யாரும் பொறக்கல. யாரும் சாகவும் இல்ல. அது வேற விசேஷம்" என்று வியர்த்து விறுவிறுத்து விளக்கிக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் உன்னாலதான். மரபு மரபுன்னு உயிர எடுத்தியே."

"நான் துணியப் பத்தித்தான் எழுதினேன்பா. லீவு நீங்க சேத்தது."

"ஒரு வேகத்துல வந்துடுச்சுடா. அந்தாளு பேசினது அப்படி."

"அப்ப உண்மையச் சொல்லிடலாமா?"

"சொல்லு. சொல்லிட்டு வெயில் விழாத மூலைல நீ வந்து துணி காயப் போடு."

அப்பா நொந்துகொண்டிருந்தபோது களத்தில் வேறு ஒன்று நடந்தது. ஓட்டல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதனால் எங்கள் ஆட்களுக்கும் கிடையாது. ஓணத்துக்கும் பெருநாளுக்கும் கிறிஸ்துமசுக்கும் ஊருக்கெல்லாம் விடுமுறை, அன்றுதான் விருந்தினர் அதிகம், விரிப்பும் அதிகம். அப்படிப்பட்டவர்களுக்குத் திடீரென்று, யாரிடமும் கேட்காமல், மேலிருந்து விடுமுறை விழுந்தது. முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் துவைகல்லைச் சுற்றி நின்றார்கள். அடுத்த முறை சீட்டுக்கட்டு வந்துவிட்டது. அதற்கடுத்த முறை ஒருவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு, காலையில் சாயா குடிக்கும்போதே எல்லோரும் மேலே பார்க்கத் தொடங்கினார்கள்.

"என்ன, இன்னைக்கு ஒண்ணும் அசையலியே" என்பார் ஒருவர்.

"அந்த ஓரத்துக் கூடு சாஞ்சிருக்கு. மத்தியானத்துக்குள்ள வந்துரும்" என்பார் சித்தப்பா.

வாழ்நாள் முழுவதும் அந்த மரத்தைப் பார்த்துத் திட்டியவர்கள் இப்போது ஆசையோடு பார்த்தார்கள். பறவைகள் மேல் இவ்வளவு அக்கறை வந்துவிட்டதே என்று பூரித்துப்போனது நான் ஒருவன்தான். விழும் குஞ்சுகள் கூடிக்கொண்டே போயின. ஆபீஸில் மேடத்துக்கு அளவில்லாத மகிழ்ச்சி. காப்பாற்றப்படுபவை கூடுகின்றன அல்லவா? ஒரு மரபு உயிர்பெறுவதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

அன்று நான் சீக்கிரம் வீடு திரும்பினேன். களத்தில், பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து தெரியாத பக்கமாக, சித்தப்பா கவைக்கழியால் ஒரு கிளையைக் குத்திக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க சித்தப்பா?"

"காஞ்ச கொம்பு தட்டறேன்." அந்தக் கொம்பு பச்சைப்பசேலென்று இலையோடு இருந்தது. அதன் நுனியில் ஒரு கூடும், கூட்டின் ஓரத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு குஞ்சும். சித்தப்பா கழியைக் கீழே போட்டார். "நாளைக்கு எம் மகளப் பொண்ணு பாக்க வராங்கடா. ஓட்டல்காரன்கிட்ட லீவு கேட்டா தருவானா? இதுங்கதான் தருதுங்க."

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு அதிகாரி திரும்பி வருவதும், கொடிகள் மூலைக்குப் போவதும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை இதை ஜன்னலிலிருந்து பார்த்தால் மரமும் போச்சு, வெயிலும் போச்சு. சிரிப்பு பாதியில் நின்றது.

சாயங்காலம் ஆட்களை மரத்தடியில் கூட்டினார்.

"நம்ம சம்பிரதாயத்துல ஒண்ணு நான் சொல்லாம விட்டுட்டேன்" என்று ஆரம்பித்தார். "குஞ்சு விழுந்தா லீவு இல்ல. விழுந்தத மேல ஏத்திட்டு வேலையப் பாக்கணும். எல்லாக் குஞ்சும் வளந்து, ஒண்ணு பாக்கி இல்லாம பறந்து போச்சுன்னா, அன்னைக்குத்தான் லீவு. எல்லாருக்கும். குடும்பத்தோட."

"இத யாரு சொன்னா?" என்றார் சித்தப்பா.

"முன்னாடி ஒண்ணு சொன்னேனே, அத யாரு சொன்னா?"

"நீதான்."

"அதே ஆளுதான் இதையும் சொன்னான்."

சித்தப்பா கவைக்கழியை எடுத்துச் சுவரில் சாய்த்தார். "நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்களே?"

"நீ போ. உன் பங்க நான் அலசறேன்."

மறுநாள் திருத்தத்தைப் பள்ளிக்கூடத்துக்கும் நானே போய்ச் சொன்னேன். பழைய சம்பிரதாயங்கள் இப்படித்தான், கேட்கக் கேட்கத்தான் முழுசாக வெளியே வரும் என்று டீச்சர் பிள்ளைகளுக்கு விளக்கினார்.

பிறகு நடந்ததை ஆபீஸ் அறிக்கையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று எழுதாமல் விட்டேன். குஞ்சைத் தூக்க வந்த காகத்தைச் சித்தப்பா துண்டைச் சுழற்றி விரட்டினார். மரமேறும் பூனைக்காக அடிமரத்தில் பழைய தகரத்தைச் சுற்றிக் கட்டினார். சாய்ந்திருந்த ஓரத்துக் கூட்டுக்குக் கீழே மட்டும் மேல்துணி இரண்டு அடுக்காயிற்று. "நீ பறக்கலேன்னா நான் எங்கயும் போக முடியாது, ஒழுங்கா தின்னு" என்று அவர் ஒரு குஞ்சிடம் பேசிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். குஞ்சுகள் விழுவது நின்றுபோனது. மேடம் கவலையோடு என்னைக் கூப்பிட்டார்.

"எண்ணிக்கை ரொம்பக் குறைஞ்சுபோச்சே. இந்தத் தலைமுறையோட சம்பிரதாயம் அழிஞ்சுபோகுதா?"

அதிகாரி திரும்பி வந்தபோது கூடுகள் எல்லாம் காலி. ஒன்றைத் தவிர. கடைசியாகப் பொரித்த ஒரு நீர்க்காகக் குஞ்சு, ஏறக்குறைய தாயளவு வளர்ந்தும் கிளையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தது. சிறகை விரிக்கும். எல்லோரும் மூச்சைப் பிடிப்பார்கள். மடக்கிக்கொள்ளும். அன்றைக்கு அது போய்விடும் என்று நம்பி எங்கள் ஆட்கள் செராய்க் கடற்கரைக்கு வேன் பேசியிருந்தார்கள். பெண்கள் பூ வைத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கஞ்சி போட்டு, நீலம் போட்டு, மடிப்பு கத்தி மாதிரி நிற்கும் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். ஊரார் சட்டையை எல்லாம் அப்படி ஆக்கியவர், தன்னுடையதை அப்படி ஆக்கி நான் பார்த்தது அன்றுதான்.

அதிகாரி மேல்துணியைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். டீச்சரிடம் கேட்டார். பிள்ளைகள் ஜன்னலிலிருந்து பார்த்ததையெல்லாம் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் ஹோம்ஸ்டே சேட்டன் கைகட்டி நின்றார். கடைசியாக அதிகாரி அப்பாவிடம் வந்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் அறியணும் சேட்டா. இந்தப் பறவைகளால உங்களுக்குச் சல்லியம், தொந்தரவு ஒண்ணும் இல்லையே? மனசோடதானே செய்யறீங்க?"

மேலே இருந்த குஞ்சு அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. மேல்துணியின் ஓரத்தைத் தாண்டி, சரியாக அப்பாவின் வலது தோளில், பளிச்சென்று விழுந்து மார்புவரை வழிந்தது. மீன் நாற்றம் எனக்கே அடித்தது.

அப்பா மேலே பார்த்தார். வாய் திறந்தது. மரத்துக்கு அவர் வைத்திருக்கும் அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. சித்தப்பாவுக்கும் தெரிந்தது, கண்ணை மூடிக்கொண்டார். அப்பா அதை விழுங்கினார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

"இல்ல சாரே. ஒரு சல்லியமும் இல்ல."

மரம் நிற்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதிகாரி போனார். மரத்துக்கு யாரும் தீங்கு செய்யக்கூடாது என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதிய ஒரு பலகையை, மேடத்தின் ஆட்கள் நீளமான ஆணிகளால் அந்த மரத்திலேயே அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் குஞ்சு கிளம்பியிருக்க வேண்டும். ஜன்னலிலிருந்து கூச்சல் கேட்டு நாங்கள் திரும்பியபோது அது காயல் பக்கமாக, கொஞ்சம் தாழ்வாக, ஆனால் விழாமல் போய்க்கொண்டிருந்தது.

"லீவு!" என்று சித்தப்பா துண்டை வீசினார்.

அப்பா அதற்குள் சட்டையைக் கழற்றிக்கொண்டே தொட்டியை நோக்கி நடந்திருந்தார். "ஒரு நிமிசம். இத மட்டும் ஒரு அலசு அலசிட்டு வரேன்."

"அண்ணே!" சித்தப்பா ஓடிப்போய் துவைகல்லுக்கு முன்னால் நின்றார். "இன்னைக்கு அலக்கு இல்ல. கல்லத் தொடக்கூடாது."

"டேய், கறை ஏறிடும்டா. மீன் எச்சம், காஞ்சா போகாது."

"சம்பிரதாயம் அண்ணே." சித்தப்பா கண்ணால் ஜன்னலைக் காட்டினார். ஜன்னலில் அத்தனை முகங்களும் இருந்தன.

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் படித்தவன். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பா அலசாத அந்தச் சட்டையைத் திரும்பவும் மாட்டிக்கொண்டு, பட்டனைப் போட்டுக்கொண்டு, வேனில் ஏறினார். யாரும் அவர் பக்கத்தில் உட்கார முன்வரவில்லை. அம்மா மட்டும் நகர்ந்து இடம் கொடுத்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

கடற்கரையில் எடுத்த போட்டோ இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அப்பா மட்டும் வலது தோளைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, யாரையோ திட்டத் தொடங்கிய வாயோடு நிற்கிறார்.